ஜிஐ எல்போவும் ஒரு கை அரிப்பும்

எங்கள் வீட்டுக் குழாய் வேலைக்கு வரும் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் பிளம்பிங். போன கோடையில் மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் பழைய ஜிஐ லைனை மாற்ற வந்தவர், ரெண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு ரென்ச்சைப் பிடித்தார். விரலிடுக்கில் வெடிப்பு. புறங்கைத் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

"என்னண்ணே இது?"

"ஜிஐ அலர்ஜி தம்பி. துத்தநாகம் நமக்கு ஒத்துக்கல. எல்போ, டீயைத் தொட்டு ரெண்டு நாள்ல பொங்கிரும். இனிமே பிவிசி வேலை மட்டும்தான்னு இருக்கேன்."

மதுரையில் மாசி வீதிகளுக்குள் இருக்கிற பழைய வீடுகளில் பெரும்பாலும் ஜிஐ லைன்தான். அந்த வேலையை விட்டால் அவர் வருமானத்தில் பாதி போய்விடும். நமக்கோ எதையாவது தோண்டாமல் இருக்க முடியாது. துத்தநாகம் உண்மையிலேயே குற்றவாளியா என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் அவர் டூல்ஸ் பையைப் பார்த்ததுமே வந்தது. அரிப்புக்குத் தடவ ஒரு பாட்டில் வைத்திருந்தார், இளஞ்சிவப்பு நிறத்தில் கலமைன் லோஷன். கலமைன் என்பதே துத்தநாக ஆக்சைடுதான், நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. ஒத்துக்காத உலோகத்தையே மருந்தாகப் பூசிக்கொண்டிருந்தார்!

துத்தநாகம் நமக்குப் புதுசும் இல்லை. ராஜஸ்தானில் உதய்பூருக்குப் பக்கத்தில் ஜாவர் என்ற இடத்தில், மண் குடுவைகளைத் தலைகீழாக அடுக்கிச் சூடேற்றி, ஆவியைக் கீழே இறக்கித் துத்தநாகம் வடித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் பிரிஸ்டலில் அதைக் காய்ச்சி வடிக்கக் காப்புரிமை வாங்கியது 1738இல். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. நம் சித்த மருத்துவத்தின் நாக பற்பத்திலும் நாகம் என்பது துத்தநாகம்தான்.

இரும்புக்குத் துத்தநாகம் பூசும் யோசனையை 1742இல் பிரான்சில் மலூவான் என்ற வேதியியலாளர் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1837இல் சோரெல் அதற்குக் காப்புரிமை எடுத்து, 'கால்வனைசிங்' என்று பெயரும் வைத்தார். தவளைக் காலில் மின்சாரம் பார்த்த கால்வானி அதற்கு முன்பே, 1798இல், இறந்துவிட்டார். தன் பேர் ஒருநாள் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் நினைத்தே இருக்க மாட்டார். ஆனால் பெயர் பொருத்தம்தான். இரும்பும் துத்தநாகமும் தண்ணீரில் சேர்ந்திருந்தால் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

நம்ம பக்கம் கிராமங்களில் ஜிஐ பைப்பைப் பெருவாரியாகக் கையில் கொடுத்தது அடிபம்பு. வறட்சிக்காலங்களில் போர் போட்டுத் தள்ளிய இடங்களில் பழைய வார்ப்பிரும்பு பம்புகள் சீக்கிரமே உடைந்தன. 1970களில் யுனிசெஃப் உதவியோடு 'இந்தியா மார்க் 2' உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தயாரிப்புக்கு வந்தது. உள்ளே இறங்குவது 32 மில்லிமீட்டர் ஜிஐ பைப், ஒவ்வொன்றும் 3 மீட்டர். கீழே சிலிண்டரில் ஒரு வாஷர் போனாலும் அத்தனை பைப்பையும் தூக்கி, மரை மரையாகக் கழற்றி, மறுபடி மாட்டணும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். மூன்று பேர் மூச்சுப்பிடித்துத் தூக்க, மஞ்சள் தண்ணீர் கையெல்லாம் வழியும். அப்புறம் வந்த மார்க் 3இல் பைப்பை 65 மில்லிமீட்டராக்கி, பிஸ்டனை மட்டும் மேலே உருவும்படி செய்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் கையாண்ட பொருள் இது. துத்தநாகமே ஒவ்வாமை தருமென்றால் ஊருக்குப் பத்துப் பேராவது புலம்பியிருக்க வேண்டும். மருத்துவ நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. துத்தநாகத்துக்குத் தோல் ஒவ்வாமை ரொம்ப அபூர்வம்.

(ஜிஐ பைப்பை வெல்டிங் அடிக்கும்போது வருகிற குளிர்காய்ச்சல் வேறு கதை. அது துத்தநாகப் புகையால் வருவது, அலர்ஜி அல்ல. லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தவனைத்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் 'திங்கள் காய்ச்சல்' என்றே பெயர். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டர்கள் சொல்வார்கள். காற்றோட்டம்தான் மருந்து.)

அப்படியானால் யார்? அண்ணனிடம் திரும்பக் கேட்டேன். "பழசைக் கழட்டும்போது அவ்வளவா இல்ல தம்பி, புதுசை மாட்டும்போதுதான்" என்றார். இதுதான் துப்பு.

தெற்கு மாரட் வீதிக் கடையில் பளபளவென்று வாங்குகிறோமே, அந்தப் பளபளப்பு கிடங்கில் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். அதைத் தடுக்க, துத்தநாகத்தில் முக்கியெடுத்த சாமானைக் குரோமேட் கரைசலில் நனைத்தெடுப்பது தொழிற்சாலைகளில் பரவலான வழக்கம். கிளாம்ப், போல்ட்டில் மஞ்சளும் வானவில்லுமாகத் தெரியும் படலமும் பெரும்பாலும் குரோமேட்தான். வருஷக்கணக்கில் தண்ணீர் பட்ட பழைய பைப்பில் அந்தப் படலம் மிஞ்சாது. 1970 வாக்கில் சுவீடனில் ஃப்ரெகர்ட் என்ற தோல் மருத்துவரும் கூட்டாளிகளும் துத்தநாகத் தகடு வேலையாட்களின் கையரிப்புக்கு இந்தப் படலம்தான் காரணம் என்று எழுதினார்கள்.

குரோமேட்டின் மீது புகார் இன்னும் பழையது. 1827இல் கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் கமின், சாயப்பட்டறை ஆட்களின் கையில் பைகுரோமேட் உண்டாக்கிய புண்களைப் பதிவு செய்தார். அந்தக் கட்டுரையின் இன்னொரு பாதி எதைப் பற்றித் தெரியுமா? 'மதார்', அதாவது நம்ம எருக்கு! ஒரே கட்டுரையில் எருக்கின் மருத்துவ குணமும் குரோமியப் புண்ணும். படித்ததும் தனியாகச் சிரித்தேன்.

இன்னொரு பக்கம் சிமெண்ட். அதிலும் ஆறு இணைதிறன் குரோமியம் சிறிதளவு உண்டு. டென்மார்க்கில் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் இரும்பு சல்பேட் கலந்து அதைக் குறைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு வைத்தது. சுவரை உடைத்துப் பைப் போட்டு, வெறுங்கையால் கலவை பூசியே முப்பது வருஷம் ஓட்டியவருக்கு, முதலில் உடம்பைப் பழக்கியது சிமெண்டாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் எல்போவின் மெல்லிய படலமே போதும். பொங்குவதும் தொட்டவுடனே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. அதனால்தான் ஆளை மாற்றிப் பிடிக்கிறோம்.

ஊகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் பிழைப்பை முடிவு செய்ய முடியாதே. பேட்ச் டெஸ்ட் செய்யச் சொன்னேன். 1895இல் யாடசோன் அறிமுகப்படுத்திய அதே முறைதான். முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒட்டி, ரெண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் மறுபடியும் ஒருமுறை. "முதுகுல ஸ்டாம்ப் ஒட்டுறாங்க, ரெண்டு நாள் குளிக்கக் கூடாதாம், இந்த வெயில்லயா?" என்று அலுத்துக்கொண்டே போனார். நிக்கலுக்கு ஒன்றுமில்லை. துத்தநாகம் அந்த வரிசையிலேயே இல்லை. பொட்டாசியம் டைகுரோமேட் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது.

இங்கேதான் எனக்கு உறைத்தது. கை மோசமானதும் அவர் மகன் நல்ல தோல் கிளவுஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதைப் போட்டபிறகு இன்னும் முற்றிவிட்டதால்தான் துணிக்கு மாறியிருக்கிறார். கடையில் கிடைக்கும் வேலைக் கிளவுஸ் பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். வியர்வை பட்டால் குரோமியம் கசியும். ரப்பர் கிளவுஸும் சிலருக்கு அதில் சேர்க்கும் ரசாயனத்தால் சேராது.

இப்போது உள்ளே பருத்திக் கிளவுஸ், மேலே நைட்ரைல். புதுச் சாமானை சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்துக்கொள்கிறார், அது எவ்வளவு தூரம் உதவுமோ. சிமெண்ட் கலவை ஹெல்ப்பர் பையன் வேலை, அவனுக்கும் கிளவுஸ் உண்டு. மூன்று மாசத்தில் வெடிப்பு பாதி ஆறியிருக்கிறது. மறுபடி ஜிஐ வேலை எடுக்கிறார்.

அந்தத் தோல் கிளவுஸ் வண்டிப் பெட்டியில் அப்படியே கிடக்கிறது. காரணத்தை மகனிடம் இன்னும் சொல்லவில்லையாம்.