கடத்துக்குக் கிடைத்த இடம்

பொங்கலுக்குப் பானை வாங்குபவர்கள், ரிஷிவந்தியமானாலும் சென்னையானாலும், விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். 'ணங்' என்று கேட்டால் நல்ல பானை. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தட்டலே கலையாக வளர்ந்ததுதான் கடம். அதை ஜாஸ் ரசிகர்களிடமும் கொண்டு சேர்த்தவர் டி.எச்.விநாயகராம். 'விக்கு' விநாயகராம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

1942-ல் பிறந்தவர். தந்தை ஹரிஹர சர்மாதான் குரு. அவர் 1958-ல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்ய வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். சிறுவயதிலேயே மேடையேறிய விநாயகராம், 1966-ல் நியூயார்க் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தார். மிருதங்கம் டி.கே.மூர்த்தி.

ஆனால் கர்நாடகக் கச்சேரியில் கடம் 'உபபக்கவாத்தியம்'தான். அதாவது துணைக்குத் துணை! பாட்டுக்கு மிருதங்கம் துணை. மிருதங்கத்துக்குக் கடம் துணை. மிருதங்கம் போகும் வழியைக் கவனித்துப் பின்தொடர வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மட்டும் கொஞ்ச நேரம் சொந்தமாகக் கிடைக்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் கடம் இல்லாமலேயே கச்சேரி நடக்கும்.

இந்த நிலை 1975-ல் அவருக்கு மாறியது. மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த ஆங்கிலேய ஜாஸ் கிடாரிஸ்ட் ஜான் மெக்லாலின் 'சக்தி' என்ற குழுவை அமைத்தார். எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் வி.ராகவன் மிருதங்கம், விநாயகராம் கடம். ஜாஸில் ஒவ்வொருவரும் முறை வைத்து மனோதர்மமாக வாசிப்பார்கள். தாளக்காரரும் அதில் சமம். நம் தனி ஆவர்த்தனம் கச்சேரி முழுக்க நடந்தால் எப்படி இருக்கும், அப்படி!

முதல் இசைத்தட்டுக்குப் பிறகு ராகவன் விலகினார். வேறு மிருதங்கக்காரர் சேர்க்கப்படவில்லை. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976), 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977) இரண்டிலும் நால்வர் மட்டுமே. தென்னிந்தியத் தாளத்தின் முழுப் பொறுப்பும் விநாயகராமிடம் வந்தது. தபலாவுக்கு எதிரே நின்று பதில் சொன்னது கடம்தான். பின்தொடர்ந்த வாத்தியம் வழிநடத்தவும் தொடங்கியது.

1978-ல் குழு கலைந்தாலும் அவர் பெயர் நின்றது. மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' தொகுப்பில் (1991) அவரும் வாசித்தார். உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது 1992-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது. 2002-ல் பத்மஸ்ரீ, 2014-ல் பத்மபூஷண்.

விருதுகளைவிட முக்கியமானது அவர் உருவாக்கிய மாணவர்கள். பெண்கள் கடம் வாசிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் சுகன்யா ராம்கோபால் அவரிடம் கற்று, முன்னணிக் கலைஞரானார். மகன் செல்வகணேஷ் எடுத்துக்கொண்டது கஞ்சிரா. அதுவும் உபபக்கவாத்தியம்தான்! மீண்டும் கூடிய 'சக்தி'யின் 'திஸ் மொமெண்ட்' 2024-ல் கிராமி வென்றபோது, அந்தக் குழுவில் கஞ்சிராவுடன் அவரும் இருந்தார்.