தகரச் சீட்டும் கடவுச்சீட்டும்

மீள்வதற்குச் சீட்டில்லாமல், போவதற்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு அந்நிய நாட்டுக்குப் புறப்படுகிறவனை இன்று விமான நிலையத்தில் பல கேள்விகள் வழிமறிக்கின்றன. திரும்பிவரும் சீட்டு எங்கே? கையிலுள்ள பணம் எவ்வளவு? தங்குமிடம் யாது? நுழைவு அனுமதி உண்டா? செல்வந்தனுக்கு இவை சிறு தொல்லைகள். உழைத்துப் பிழைக்க வேண்டியவனுக்கோ இவை வாழ்வையே தீர்மானிக்கும் கேள்விகள்.

இது விமான யுகம் கண்ட புதுமை என்று எண்ணுதல் வேண்டா. பதுளையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் தேயிலை மலைகளை உருவாக்கிய மக்களின் வரலாறு முழுவதுமே ஒருவழிப் பயணத்தின் வரலாறுதான். அவர்கள் இந்நாட்டுக்கு வந்ததும் அப்படியே. அவர்களிற் பலர் இந்நாட்டை விட்டு அனுப்பப்பட்டதும் அப்படியே. இரண்டு பயணங்களிலும் அவர்கள் கையில் ஒரு சீட்டு இருந்தது. அந்தச் சீட்டை எழுதியவர் யார், அதில் எழுதப்பட்டது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். அப்பாதையில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அந்நாளில் அவர்களிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. ஆயினும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைக்கச் சட்டம் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு விலகுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உள்ளே வரும் வாசல் திறந்தே கிடந்தது. வெளியேறும் வாசலிலேதான் பூட்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. ஒரு சிறு உலோகத் தட்டு. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கங்காணி ஊரில் ஆள்கட்டி முடித்ததும் அத்தட்டைக் கயிற்றில் கோத்து ஆளின் உடம்பில் கட்டிவிடுவான். இரயில் கட்டணம், கப்பற் கட்டணம், வழிச்சோறு ஆகிய எல்லாச் செலவும் அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டன. தோட்டம் கொடுத்த பணமோ, முன்பணத்தோடு சேர்ந்து தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. பார்சலின் மேல் முகவரி எழுதுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? அந்தத் தட்டில் அவனுடைய பெயர் இல்லை. அவன் போய்ச் சேரவேண்டிய இடமே இருந்தது.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கரைக்கு இப்பால் மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்திற்று. அங்கே தொழிலாளரைச் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, துணிகளை வெந்நீராவியில் இட்டு, அதன்பின் கப்பலேற்றினார்கள். இவையே அன்றைய நுழைவு நிபந்தனைகள். உடம்பு வேலைக்குத் தகுதியா என்று பார்த்தார்கள்; அந்த உடம்புக்குரியவன் வந்துசேரும் நாட்டில் என்ன உரிமை உடையவன் என்று எவரும் கேட்கவில்லை. 1924ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை பதுளை வரை வந்துசேர்ந்தது. அதன்பின் தலைமன்னாரில் ஏறியவன் பெரும்பாலும் புகையிரதத்திலேயே ஊவாவின் மலைகளை அடையலாயிற்று.

தோட்டத்துக்குள் இன்னொரு சீட்டும் இருந்தது. துண்டு என்பது அதன் பெயர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்புகிறவனின் கடன் எவ்வளவு என்று துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய துரை அக்கடனைத் தீர்த்தால் ஆள் கைமாறுவான். இம்முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரச் சீட்டு, துண்டு, பெயர்ப் பதிவு, சம்பளக் கணக்கு என்று தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் அவன் எந்த மண்ணுக்குரியவன் என்று சொல்லவில்லை. அவன் யாருக்குரிய உழைப்பு, யாருக்குரிய கடன் என்பதையே சொல்லின. பெரும்பாலானவை இருந்ததும் துரையின் அலுவலகத்தில். அவனுடைய லயத்துக் காம்பிராவில் அல்ல.

இச்செய்தியை மனத்திற்கொண்டு 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். சுதந்திர இலங்கையின் முதற்பெருஞ் சட்டங்களுள் ஒன்று அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இந்நாட்டிலே பிறந்தேன் என்றால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுப் பிரஜாவுரிமைக்கு வழி திறப்பதாகச் சொல்லிற்று. 1946ஆம் ஆண்டுக்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று தரவேண்டும். தாயின் மரணத்துக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊருக்குப் போனவன் ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். 1939 ஓகஸ்டில் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். உரிய காலத்தில் மீள்வது சிலருக்கு அவர்கள் விருப்பத்தைப் பொறுத்த காரியமாகவே இருக்கவில்லை.

கூலியாக வந்தபோது பத்திரம் கேட்காத நாடு, குடிமகனாக நின்றபோது பூட்டனின் பத்திரத்தைக் கேட்டது. எழுதும் கருவி எவன் கையில் இருந்ததோ அவனிடம் கேட்காமல், எழுதப்பட்டவனிடம் ஆவணம் கேட்டது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்.

இந்த நிபந்தனைகள் அறியாமையால் எழுதப்பட்டவை அல்ல. 1940ஆம் ஆண்டிலே பதுளைக்கு அருகில் வேவெஸ்ஸ தோட்டத்தின் தொழிலாளர், சமசமாஜிகளின் தொழிற்சங்கத்தில் திரண்டு வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த குழுவைத் துரை மதிக்கும்படி செய்தார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. இந்த வாக்குக்கு அஞ்சியவர்களே பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1949இல் வாக்குரிமையும் அதன்வழியே போயிற்று. 1948இல் இடதுசாரிக் கட்சிகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தன. தமிழர் தலைமை இரண்டாகப் பிளந்தது; 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இப்பிரச்சினையும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். ஊவாவின் சிங்கள விவசாயியும் இம்மலைகளை இழந்தவன்தான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட இயலாத நிலங்களை முடிக்குரியவை என்று ஆக்கியது, அவை தோட்டங்களாயின. அவனிடமும் வெள்ளையன் பத்திரம்தான் கேட்டான். தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிப் பயிரிட்டவனிடம் அது எப்படி இருக்கும்? ஒரே கை, ஒரே தந்திரத்தால், ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்தது. இன்னொருவனை நிலமற்றவனாகவே கொண்டுவந்து அந்நிலத்தில் நிறுத்தியது. இவ்விருவரையும் பகைவராக்கியதிலேதான் பின்னாளைய அரசியலின் வெற்றி இருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. அவர்கள் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டார்கள். அம்மக்களை எவரும் கேட்கவில்லை. 1948இல் எதிர்த்துக் குரலெழுப்பிய சமசமாஜக் கட்சி, 1964இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியபோது அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. இடதுசாரி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நாம் இந்த உண்மையைக் கடந்துபோக முடியாது. தொழிலாளி வர்க்கத்தின் மிகப் பெரிய பகுதியை எண்களாகப் பிரிக்கும் ஏட்டில் தொழிலாளி வர்க்கக் கட்சியின் மௌனமும் பதிந்திருக்கிறது.

மக்களின் விருப்பம் எதுவென்பது விண்ணப்பங்களில் வெளிப்பட்டது. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் மட்டுமே. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ ஒதுக்கிய இடங்களைப் போல் இருமடங்குக்கும் மேல். எனினும் இரு அரசாங்கங்களின் விகிதக் கணக்கு நடந்துகொண்டே இருந்தது. தொடக்கத்தில் ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்பதே விதி. ஒருவன் பிறந்த மண்ணிலே தங்கும் உரிமை, இன்னொருவன் போய்த் தொலைவதைப் பொறுத்ததாயிற்று!

போனவர்களின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு, தட்டுமுட்டுச் சாமான்கள். பதுளைப் பாதையின் நிலையங்களிலே புறப்படுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒப்பந்தம் முடிந்து எட்டு வாரத்துக்குள், 1964 டிசம்பரின் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; ஆகவே தலைமன்னாரிலிருந்து அவர்கள் சென்றது இராமேசுவரத்துக்கு. கரையிறங்கியதும் சேர்ந்த இடம் எது? பாட்டனுக்கு அம்மை குத்திய அதே மண்டபம் முகாம்! அங்கிருந்து சிலர் நீலகிரியில் 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலருக்குப் பழகாத தொழிலுக்குச் சிறு கடன் கிடைத்தது. தாயகம் திரும்பியோர் என்று அரசு அவர்களுக்குப் பெயரிட்டது. அயலாரோ சிலோன்காரர் என்றே அழைத்தனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர்.

1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. 1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கேயே நின்றுவிட்டனர். வேறு சிலரோ உயிருக்கு அஞ்சித் தோணியேறிக் கடல் கடந்தனர். அவர்களிடம் நுழைவு அனுமதி இல்லை. 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இந்தியச் சட்டத்தின் மொழியில் அத்தகையோர் சட்டவிரோதக் குடியேறிகள். தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கங்காணி கூட்டிச்சென்றவனின் பேரப்பிள்ளை, அதே மண்ணில் முகாமுக்குள் பிறந்தும் குடிமகனாகாத நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இலங்கையில் 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைத் தீர்க்க முயன்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அவர்களைப் பங்கிட்ட நாளே அவர்களை ஏற்கும் அளவுகோலாக வந்து நின்றது. போராடிப் பெற்ற வெற்றி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்திரம் கிடைத்தவனுக்கு மண் கிடைத்ததா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. ஒப்பந்தத்துக்கு ஐம்பதாண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்கள் லயத்தை விட்டு எங்கே போவார்கள்? குடிமக்கள் என்ற சான்று அவர்களிடம் இருந்தது. குடியிருக்க நிலம் இல்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தகரச் சீட்டும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகலும், ஒருமுறை கூடப் பயன்படாத கடவுச்சீட்டும் இன்னும் சில வீடுகளில் பழைய பெட்டிகளின் அடியில் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடுங்கள், வைத்திருப்போர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். இம்மக்களைப் பற்றித் துரையும் அதிகாரியும் எழுதிய ஏடுகள் ஏராளம். தம்மைப் பற்றித் தாமே எழுதும் ஏடு ஒன்று இல்லாமையால்தான் ஒவ்வொரு வாசலிலும் பிறர் எழுதிய சீட்டைக் காட்டி நிற்க நேர்ந்தது. அந்த ஏட்டைத் தொடங்குவது நமது பணி. காணி உரிமைக்காக நாளை எழும் குரலுக்கு அதுவே சான்றாக நிற்கும்.