வழுப் பட்டியலைச் சுரண்டிய கதை

போன செமஸ்டர் ரிசல்ட் அன்று நான் அடித்த கூத்து வகுப்புக்கே தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிசல்ட் பக்கத்தைத் திறந்து நாலாவது கட்டத்தில் இருக்கும் மார்க்கை எடுத்துத் தர ஒரு குட்டி பைதான் நிரல் எழுதியிருந்தேன். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்துவிட்டது. நிரல் இன்டர்னல் மார்க்கைப் படித்து, பாஸான நண்பனுக்கு அரியர் என்றது! மீஞ்சூரில் ரயில் இறங்கும் வரை அவன் என்னிடம் பேசவே இல்லை.

இதற்குப் பெயர் வெப் ஸ்கிரேப்பிங். தமிழில் 'சுரண்டி எடுத்தல்' எனலாம் (முதலாளிகள் செய்யும் சுரண்டல் வேறு!). பெரிய ஆட்களும் இதைச் செய்திருக்கிறார்கள்.

மென்பொருளில் வரும் வழுக்களைப் பதிந்து வைக்கும் இடம் பக் டிராக்கர். 1998-ல் மோசில்லா வெளியிட்ட பக்ஸில்லா இதில் பிரபலம். உபுண்டுக்காரர்கள் முதலில் அதைத்தான் வைத்திருந்தார்கள். 2006-ல் கனோனிக்கல் நிறுவனத்தின் லாஞ்ச்பேடுக்கு மாறினார்கள். உபுண்டுவைத் தமிழாக்கியவர்களும் வேலை செய்தது லாஞ்ச்பேடில்தான்.

வந்து குவியும் வழுக்களைக் கையால் பிரித்து மாளாது. ஆனால் நிரல்கள் உள்ளே நுழைய அங்கே தனி வாசல் இல்லை. அதனால் பைதான்-லாஞ்ச்பேட்-பக்ஸ் என்ற நூலகத்தை எழுதினார்கள். மனிதர் பார்க்கும் எச்டிஎம்எல் பக்கத்தையே அது பிரித்துப் படிக்கும். பக்கத்தின் அமைப்பு மாறினால் அதையும் திருத்த வேண்டும். நிரல் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, தவறாகப் படித்துவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. என் நண்பனைக் கேளுங்கள்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. உங்கள் பெயரில் உள்ளே போக, அந்த நிரலுக்கு உங்கள் பிரவுசரின் குக்கியைத் தர வேண்டும். பால்காரரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி.

2008-ல் லாஞ்ச்பேட் தன் ஏபிஐயை சோதனை நிலையில் திறந்தது. கூடவே லாஞ்ச்பேட்லிப் என்ற பைதான் நூலகமும் வந்தது. ஓஆத் முறையில், 'இந்த நிரல் படிக்க மட்டும் செய்யலாம்', 'இது மாற்றவும் செய்யலாம்' என்று நாமே அனுமதி தரலாம், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம். உபுண்டுவில் மென்பொருள் செயலிழந்தால் அறிக்கை அனுப்பும் அப்போர்ட், பழைய நூலகத்தை விட்டு இதற்கு மாறியது. பக்ஸில்லாவும் அதே பாதையில் போனது. 2007-ல் வந்த 3.0 பதிப்பில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, 2015-ல் 5.0 பதிப்பில் ரெஸ்ட்.

சுரண்டியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. வாசல் இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாகத்தானே எட்டிப் பார்க்க முடியும்? நிரல்களுக்கு என்னென்ன தகவல் தேவை என்று முதலில் காட்டியது அவர்கள்தான். ஆனால் பக்கத்தின் தோற்றம் யாருக்கும் கொடுத்த வாக்கு இல்லை, நாளைக்கே மாறலாம். ஏபிஐ என்பது, 'இந்தப் பெயரில் கேட்டால் இந்தத் தகவல் வரும்' என்று கொடுத்த வாக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் நிரல் இப்போது கட்டத்தை எண்ணுவதில்லை, தலைப்பைப் படித்துச் சரிபார்க்கிறது. சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். நண்பனும் சமாதானமாகிவிட்டான், ஒரு பிரியாணி செலவில்!