வலிப்பு நோயும் மனித அறிவும்

மனிதனைத் தாக்கும் நோய்கள் பல. அவற்றுள் வலிப்பைப் போல் மக்களை அஞ்ச வைத்த நோய் வேறொன்றைக் காண்பது அரிது. நன்றாக நின்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரெனக் கீழே விழுகிறான், கைகால்கள் இழுக்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. சில நிமிடங்கள் சென்றபின், உறங்கி எழுந்தவனைப் போல் எழுந்து, நடந்தது யாதென அறியாது விழிக்கிறான். நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மீது பழியைச் சுமத்தினான் பண்டை மனிதன்.

பாபிலோனியர் ஏறத்தாழ 3000 ஆண்டுகட்கு முன்னரே இந்நோயின் குறிகளைக் களிமண் ஏடுகளில் எழுதி வைத்தனர். குறிகளைக் கண்டறிந்த அவர்கள், காரணம் கூறுமிடத்துப் பேய்களையே கூறினர். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை இதனை ‘அபஸ்மாரம்’ என்றது. நினைவு அழிதல் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் இதற்கு ‘முயலகன்’ என்றும் பெயர் வழங்கிற்று. நடராசப் பெருமானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளுருவத்தின் பெயரும் அதுவே. கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி நீக்கியதாகப் பெரியபுராணம் கூறும்.

கிரேக்கர் இதனைப் ‘புனித நோய்’ என்றனர். அந்நாட்டிலேதான் முதல் மறுப்பும் எழுந்தது. கி.மு. 400-ஐ ஒட்டித் தோன்றி, ஹிப்போகிராட்டீஸ் பெயரால் வழங்கும் நூலொன்று, மற்ற நோய்களைவிட இதில் புனிதம் ஏதும் இல்லை என்றும், இதன் பிறப்பிடம் மூளையே என்றும் துணிந்து கூறிற்று. ஆயினும் அவ்வுண்மை நிலைபெற 2000 ஆண்டுகட்கு மேல் ஆயிற்று. மூளையில் நிகழ்வது யாதெனக் காட்டும் கருவியோ, தீர்க்கும் மருந்தோ அன்று இல்லை. மருந்தில்லாத உண்மையைவிட மந்திரமே மக்களுக்கு ஆறுதலாய் இருந்தது.

மருத்துவரும் அந்நாளில் எவ்வளவு கையற்ற நிலையில் இருந்தனர் என்பதை ஒரு கடிதம் காட்டும். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் மருத்துவராயிருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், 1841-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழுக்கு அதனை எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். ஏறத்தாழ ஓராண்டை நெருங்கிய அக்குழந்தையின் தலை முழங்காலை நோக்கிக் குனியும், நிமிரும், மீண்டும் குனியும். அட்டை விட்டும், பேதி மருந்து கொடுத்தும், வெந்நீரில் குளிப்பாட்டியும் பயனில்லை. மகனை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே சர் சார்லஸ் கிளார்க், லோகாக் என்னும் இரு புகழ்பெற்ற மருத்துவர்கள் நோயை இன்னதென அறிந்தனர். வணங்குவதுபோல் தலை குனிவதால் கிளார்க் அதற்குச் ‘சலாம் வலிப்பு’ எனப் பெயரிட்டிருந்தார். பெயர் இருந்தது, மருந்து இல்லை. வேறெவரேனும் வழியறிவாரோ என்றே அத்தந்தை இதழுக்கு எழுதினார். இன்று அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ‘ஏ.சி.டி.எச்.’ என்னும் மருந்து அதற்குப் பயன்படுவதைப் பெல்ஜிய மருத்துவர்கள் 1958-இல் வெளியிட்டனர்.

அதே லோகாக்தான் 1857-இல் பொட்டாசியம் புரோமைடு சில பெண்களின் வலிப்பைத் தடுத்ததாக அறிவித்தார். வலிப்புக்கும் காம உணர்ச்சிக்கும் தொடர்புண்டு என்னும் பிழையான எண்ணத்தாலேயே அவர் அதனைக் கொடுத்தார். எண்ணம் பிழை, மருந்தோ பலித்தது! நோயின் உண்மைத் தன்மையை விளக்கியவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். பெருவிரலில் தொடங்கிய இழுப்பு கைக்கும் முகத்திற்கும் படிப்படியாக ஏறுவதைக் கூர்ந்து நோக்கிய அவர், மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென அளவுகடந்து ஆற்றல் வெளிப்படுதலே வலிப்பு என 1873-இல் வரையறுத்தார்.

அதன்பின் அறிவு விரைந்து வளர்ந்தது. 1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாப்ட்மன் பினோபார்பிட்டால் மருந்தின் ஆற்றலைக் கண்டார். யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார். 1938-இல் அமெரிக்கரான மெரிட்டும் புட்னமும் பினிட்டாயின் மருந்தை வழக்கத்திற்குக் கொணர்ந்தனர்.

காரணம் வயதுக்கு வயது வேறுபடும். பிறந்த குழந்தைக்குப் பேறுகாலத்தில் உயிர்வளி குறைதல், மூளையில் குருதி கசிதல், நோய்த்தொற்று, குருதியில் சர்க்கரையோ சுண்ணாம்புச் சத்தோ குறைதல் ஆகியன காரணமாகலாம். அப்பருவத்தில் உடல் வெட்டி இழுக்க வேண்டுமென்பதில்லை. கண் நிலைகுத்துவதும் வாய் சப்புவதும்கூட வலிப்பாயிருக்கக்கூடும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவகைப் பாலுணவு உண்ட கைக்குழந்தைகட்கு வலிப்பு கண்டது. பதப்படுத்தும் வெப்பத்தில் வைட்டமின் பி6 அழிந்ததே காரணம். அச்சத்தைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. ஆறு திங்கள் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் இழுப்பு பெரும்பாலும் தீங்கின்றி நீங்கும். பெரியவர்கட்குத் தலைக்காயம், பக்கவாதம், மூளைக்கட்டி, குடியை திடீரென நிறுத்துதல் முதலியன காரணமாகும். பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. மின்னலைப் பதிவும் காந்தப் படமும் இன்று துணைநிற்கின்றன. எனினும், கண்டவர் கூறும் விவரமே நோயறிதலுக்கு முதற்படி.

மருத்துவம் பேயை ஓட்டியது. சமுதாயம் அதை எளிதில் விடவில்லை. தமிழில் ‘காக்காய் வலிப்பு’ என்னும் சொல் இன்றும் ஏளனமாக வழங்குகிறது. மலாய்ப் பேச்சு வழக்கில் ‘கீலா பாபி’ என்றொரு பெயருண்டு. பன்றிப் பித்து என்பது அதன் பொருள். நோயாளியின் செவியில் இச்சொற்கள் எவ்வாறு விழும்? சட்டமும் பின்தங்கியே நின்றது. பெர்கரின் பதிவு வெளிவந்து 47 ஆண்டுகள் கழிந்தபின், 1976-இல் இந்தியாவின் இந்து திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருவோரைத் திருமணத்திற்குத் தகுதியற்றோர் வரிசையில் சேர்த்தது. அச்சொல் நீக்கப்பட்டது 1999-இல்தான். மகளின் நோயைப் பெற்றோர் மறைத்ததற்கும், மறைத்ததால் மருந்து நின்றதற்கும் இத்தகைய தடைகள் காரணமாயின.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோய் உடையவர் என்றும், தக்க மருத்துவம் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும் வறிய நாடுகளில் நால்வருள் மூவர்க்கு அம்மருத்துவம் எட்டவில்லை. பினோபார்பிட்டாலோ மிக மலிவான மருந்து. ஆகவே, குறைபாடு மருந்தில் மட்டும் இல்லை.

வலிப்பு கண்டவர் கையில் இரும்புத் திறவுகோலைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் இடுதல் தீங்கு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிடின் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். மூளையின் நோய் என்று கிரேக்க நூல் கூறி 2400 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தந்தை தம் மகனின் நோயை ஒளிக்காது உலகறிய எழுதியதும் 1841-இலேயே. நோயை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவதே இன்றும் முதல் மருந்து.