தொடக்கம் முடிந்தது, அடுத்து என்ன?

சதுரங்கத்தில் முதல் பத்து நகர்த்தல்களை நீங்கள் மனப்பாடமாகவே ஆடிவிடுவீர்கள். குதிரைகளும் மந்திரிகளும் வெளியே வந்துவிட்டன. கோட்டை கட்டியும் ஆயிற்று. அதன்பின் கை தயங்குகிறதல்லவா? இத்தயக்கத்திற்கு வழிகாட்டிய நூல் ஒன்றின் வரலாறு, புதுச்சேரியின் வரலாற்றோடு ஓரிடத்தில் சந்திக்கிறது.

1748-ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே எதிர்த்து நின்றார். ஆனந்தரங்கப் பிள்ளை அந்நாட்களின் நிகழ்ச்சிகளைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மழைக்காலம் நெருங்கவே, அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டது. அதே மாதம் ஐரோப்பாவில் ஏ-லா-ஷபெல் என்னும் ஊரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்த சென்னை, அதன்படி ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது.

சமாதானப் பேச்சு நடந்த அந்த ஆண்டில், அதே ஊரில், பிலிதோர் என்ற பிரெஞ்சு இளைஞர் சதுரங்க நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஓர் இசைக் கலைஞர். நூல் 1749-இல் லண்டனில் வெளியானபோது அவருக்கு வயது 22.

அதற்கு முந்திய நூல்கள் பெரும்பாலும் ராஜாவைத் திடீரெனத் தாக்கும் தந்திரங்களையே கூறின. பிலிதோரோ எளிய சிப்பாய்களின் மேல் கண் வைத்தார். காரணம் என்ன? குதிரை போன இடத்திலிருந்து திரும்பி வரலாம். சிப்பாய் ஒருபோதும் பின்வாங்காது. ஆகவே சிப்பாய்களின் அமைப்பு எளிதில் மாறாது. மாறாத ஒன்றை நம்பித்தானே திட்டம் வகுக்க முடியும்?

ஓர் உதாரணம் பாருங்கள். 1834-இல் தொடங்கிய லண்டன்-பாரிஸ் கடிதப் போட்டியால் பெயர் பெற்றது ‘பிரெஞ்சுத் தற்காப்பு’. அதன் ஒரு வகையில், வெள்ளையின் ராணிச் சிப்பாய் நான்காம் வரிசையிலும், ராஜாச் சிப்பாய் அதற்கு முன்னே ஐந்தாம் வரிசையிலும் சங்கிலிபோல் நிற்கும். சங்கிலி ராஜா பக்கம் நோக்குகிறது. அங்கே வெள்ளைக்கு இடம் அதிகம். எனவே வெள்ளை அப்பக்கம் தாக்க வேண்டும். கறுப்போ ராணி பக்கத்து மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்தள்ளி, சங்கிலியின் அடியைத் தாக்க வேண்டும். இருவர் திட்டமும் சிப்பாய்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது!

அடுத்த ஆட்டத்தில் தொடக்கம் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். மற்றக் காய்களை மறந்து, சிப்பாய்களை மட்டும் பாருங்கள். துணையின்றி நிற்பது எது? எதைத் தள்ளினால் யானைக்கு வழி திறக்கும்? எப்பக்கம் உங்களுக்கு இடம் அதிகம்? விடை கிடைத்தால், திட்டமும் கிடைத்துவிட்டது.