விளக்கு காட்டாத எயார்பேக் பழுது

"விளக்கு எரியேல்லைத்தானே அக்கா, பிறகென்ன?" என்றார் கராஜ்காரர். என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். நான் கேட்டது தகாட்டா எயார்பேக் பற்றி.

பையை ஊதவைக்க அந்நிறுவனம் அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காதவை, வெக்கையும் ஈரப்பதனும் உள்ள நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பழுதாகும். பிறகு சிறு மோதலிலும் மிதமிஞ்சி வெடித்து உலோகக் கூட்டைச் சிதறடிக்கும். ஷெல் துண்டு என்ன செய்யும் என்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

கோடிக்கணக்கான வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனம் வங்குரோத்தானது. ஆனால் மீளழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிவுசெய்த உரிமையாளருக்குத்தான் போகும், கிளிநொச்சிக்கு வராது. எச்சரிக்கை விளக்கு மின்சுற்றைத்தான் பார்க்கும், உள்ளிருக்கும் இரசாயனத்தை அல்ல.

பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கம் இருக்கிறது. அமெரிக்கத் தளங்கள் 17 இலக்கம் கேட்கும். ஜப்பான் கார்களுக்கு அது பொருந்தாது. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் தேடினேன். என் காருக்கு மீளழைப்பு இல்லை. உங்களுடையதற்கு இருந்தால் உள்ளூர் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களே கழற்றவேண்டாம். உடைத்த காரிலிருந்து எடுத்த எயார்பேக்கை மலிவென்று பூட்டவும் வேண்டாம். அதுவும் அதே வகையாக இருக்கலாம்.