ஊர் சுற்றும் உரிமை

'ஊர் சுற்றுதல்' என்பது தமிழில் ஆணுக்குச் சின்னக் குறை. பெண்ணுக்குப் பெரிய வசை. வேலைக்குப் போகிற பெண்ணையும், தண்ணீர் எடுக்கப் போகிற பெண்ணையும், கோயிலுக்குப் போகிற பெண்ணையும் ஊர் பொறுத்துக்கொள்ளும். எந்தக் காரியமும் இல்லாமல் நாலு பேரோடு கிளம்பி, காற்று வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிற பெண்ணை அது பொறுத்துக்கொள்வதில்லை. விடுமுறை நாளில் சைக்கிள் கிளப்போடு போகும் குழுப் பயணம் அப்படிப்பட்ட ஒன்று. போய்ச் சேர வேண்டிய இடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதனால்தான் அதன் வரலாறு பெண்களுக்கு முக்கியமாகிறது.

பெண்ணையும் சைக்கிளையும் பற்றிய கதை பெரும்பாலும் 'ஒரு பெண், ஒரு வண்டி' என்ற படமாகவே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வண்டி வந்தது, அவள் ஏறினாள், விடுதலை பெற்றாள் என்று முடிந்துவிடும். வண்டி வாங்குவது ஒரு நாள் வேலை. அதில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டவும், வழியில் உட்கார்ந்து சாப்பிடவும், இருட்டுவதற்குள் பத்திரமாகத் திரும்பவும் கூட்டாளிகள் வேண்டியிருந்தார்கள். அந்தக் கூட்டை அமைத்துத் தந்தவை கிளப்புகள். அவை யாரைச் சேர்த்துக்கொண்டன, யாரை வாசலில் நிறுத்தின என்பதைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் சைக்கிளில் ஊர் சுற்றுவோருக்கான தேசிய அளவிலான கிளப் 1878இல் ஹாரகேட் நகரில் தொடங்கப்பட்டது. 1883இல் அது 'சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊருக்கு ஊர் சிறிய கிளப்புகளும் முளைத்தன. பயணத்துக்கென்று ஓர் ஒழுங்கு உருவானது. முன்னால் கேப்டன், வால்முனையில் துணைக் கேப்டன். 1880களில் பல கிளப்புகளில் ஊதுகொம்பு ஊதுபவர்கூட இருந்தார். ஏறு, இறங்கு, நில் என்பதற்கெல்லாம் அவரிடம் தனித்தனி ஊதல்கள். பார்த்தால் சிறு படை போலத்தான் இருக்கும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் சேர்ந்து கிளம்பி, பத்து இருபது மைல் தள்ளி ஒரு விடுதியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். தேசிய கிளப் செய்த இன்னொரு வேலை, வழியில் உள்ள விடுதிகளோடு ஒப்பந்தம் போட்டது. உறுப்பினருக்கு இன்ன விலையில் சாப்பாடு, இன்ன விலையில் படுக்கை. கிளப்பின் சிறகு முளைத்த சக்கரச் சின்னம் விடுதிச் சுவரில் தொங்கும். முன்பின் தெரியாத ஊரில் அந்தச் சின்னத்தைப் பார்த்தால் உள்ளே போகலாம் என்று பொருள்.

இந்தக் கிளப் 1880லேயே பெண்களை உறுப்பினராக்கியது. அப்போது இரு சக்கர வண்டி என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு முன்சக்கரமும் பின்னால் ஒரு குட்டிச் சக்கரமும் கொண்டது. நீளப் பாவாடையோடு அதில் ஏற முடியாது. எனவே பெண்கள் மூன்று சக்கர வண்டி ஓட்டினார்கள். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவிலான 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பாவாடை மாட்டாதபடி குறுக்குக் கம்பியைக் கீழே வளைத்த பெண்கள் வண்டியும் வந்துவிட்டது. உடையை மாற்றுவதைவிட இரும்பை வளைப்பது அந்தச் சமூகத்துக்குச் சுலபமாக இருந்தது. 1890களில் நடுத்தர வர்க்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள்.

வந்தவர்களை எதிர்கொண்டது வசை. 1893இல் பிரைட்டனைச் சேர்ந்த டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண், பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள். ஏறக்குறைய 190 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். பேச்செல்லாம் அவள் வேகத்தைவிட அவள் போட்டிருந்த கால்சட்டையைப் பற்றியே நடந்தது. 1897இல் பெண்களுக்கு முழுப் பட்டம் தரலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்த்த மாணவர்கள் சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மை ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றது, பொம்மையைப் பிய்த்துப் போட்டார்கள். அங்கே பெண்கள் முழுப் பட்டம் பெற 1948 ஆயிற்று. படித்த பெண்ணைக் கேலி செய்ய அவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுக்கவில்லை, சைக்கிளில் ஏற்றினார்கள். எது தங்களை உறுத்துகிறது என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள்.

இந்தச் சூழலில் தனியாகப் போவதும் கூட்டாகப் போவதும் ஒன்றல்ல. கல்லெறிகிறவனும் கூவுகிறவனும் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் யோசிப்பார்கள். 1892இல் லில்லியஸ் கேம்பல் டேவிட்சன் பெண்களுக்கென்றே 'லேடி சைக்கிளிஸ்ட்ஸ் அசோசியேஷன்' தொடங்கினார். 1896இல் சைக்கிள் ஓட்டும் பெண்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். அதே ஆண்டுகளில் லண்டனில் இன்னொரு வகைத் துணையும் கிடைத்தது. கல்யாணமாகாத பெண்ணோடு கூடவே சைக்கிளில் வந்து அவளைக் கண்காணிக்கும் மூத்த பெண்மணியை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். டேவிட்சனின் சங்கமும் துணை தந்தது, வாடகைப் பெண்மணியும் துணை தந்தார். முன்னது அவளைச் சாலைக்குக் கொண்டுவர. பின்னது அவள் சாலையில் என்ன செய்கிறாள் என்று வீட்டுக்குத் தெரிவிக்க. பெண்ணுக்குத் 'துணை' என்று யாராவது பேசினால் இந்த இரண்டில் எது என்று இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கிளப் எந்த அளவுக்குப் பெண் பக்கம் நிற்கும் என்பதைக் காட்டியது ஒரு மதியச் சாப்பாடு. 1898 அக்டோபரில் சர்ரே பகுதியின் ஆக்கம் கிராமத்தில் உள்ள 'ஹோட்பாய்' விடுதிக்கு ஹார்பர்டன் சீமாட்டி சைக்கிளில் வந்தார். பெண்கள் உடை சீர்திருத்தத்துக்காக 1881இல் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் அவர். முழங்காலோடு இறுக்கிய தொளதொள கால்சட்டை அணிந்திருந்தார். அந்த உடையோடு சாப்பாட்டறைக்குள் விட மாட்டேன் என்றார் விடுதியை நடத்திய பெண்மணி. ஆண்கள் குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருந்த பின்பக்க அறையில் வேண்டுமானால் உட்காரலாம் என்றார். ஹார்பர்டன் மறுத்துவிட்டு வெளியேறினார்.

கிளப் தன் உறுப்பினருக்காக வழக்கு நடத்தியது. வழிப்போக்கருக்கு உணவு மறுக்க விடுதிக்காரருக்கு உரிமை இல்லை என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். 1899 ஏப்ரலில் ஜூரிகள் விடுதிக்காரப் பெண்மணி குற்றமற்றவர் என்றார்கள். உணவு மறுக்கப்படவில்லை, வேறு அறைதானே காட்டப்பட்டது என்பது அவர்கள் கணக்கு. 'சோறு போடுகிறேன், ஆனால் பின்கட்டில் உட்கார்' என்ற தர்க்கம் நமக்குப் புதிதல்ல. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சீமாட்டிக்குப் பின்னறை அவமானமாக இருந்ததற்கு, அங்கே உழைக்கும் ஆண்கள் இருந்ததும் ஒரு காரணம். அவர் கேட்ட சமத்துவம் அவருடைய வர்க்கத்தின் மேசையில் சமமாக உட்காரும் சமத்துவம்.

வேறு வர்க்கத்தின் மேசையும் அப்போது இருந்தது. 1894இல் பர்மிங்காமில் சில சோஷலிஸ்ட் இளைஞர்கள் 'கிளாரியன்' பத்திரிகையின் பெயரில் சைக்கிள் கிளப் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறம் போவது, பத்திரிகையும் துண்டறிக்கையும் கொடுப்பது, சேர்ந்து சாப்பிடுவது என்று அது நகரத்துக்கு நகரம் பரவியது. பெண்களையும் சேர்த்துக்கொண்டது. மான்செஸ்டர் கிளாரியன் கிளப்போடு போனவர்களில் பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தில் பெயர் பெற்ற பேங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள் கிறிஸ்டபெல்லும் சில்வியாவும் உண்டு. அக்கா கிறிஸ்டபெல்லிடம் நல்ல கம்பெனி வண்டி. தங்கை சில்வியாவின் வண்டி, தோழர் ஒருவர் கேஸ் குழாயை வைத்துச் செய்துகொடுத்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் பறந்துவிடுவாள், தங்கை மூச்சிரைத்துப் பின்தங்குவாள். இதைச் சில்வியாவே தன் நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் இருவரும் அரசியலிலும் பிரிந்தார்கள்: உழைக்கும் பெண்களை விட்டுவிட்டு முன்னேறலாம் என்று அக்கா, கிழக்கு லண்டனின் தொழிலாளிப் பெண்களோடு தங்கை. சைக்கிளை வைத்து அரசியலை விளக்கிவிட முடியாது. ஆனால் குழுவில் கடைசியாக வருகிறவருக்காக நிற்பதா, போய்க்கொண்டே இருப்பதா என்ற கேள்வி இரண்டு இடத்திலும் எழுந்தது.

கடைசியில் வருகிறவரை விட்டுப்போவது ஒரு வகை. கதவையே சாத்துவது இன்னொரு வகை. அதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே சைக்கிள்காரர்களின் தேசிய அமைப்பு 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்'. 1880இல் தொடங்கி நல்ல சாலைகளுக்காகப் பெரிய இயக்கம் நடத்தியது. பாஸ்டனைச் சேர்ந்த கிட்டி நாக்ஸ் 1893இல் அதில் உறுப்பினரானார். தையல் வேலை செய்து பிழைத்த இளம்பெண். தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். கறுப்பின மக்களின் ரிவர்சைடு சைக்கிள் கிளப்போடு நெடும்பயணங்கள் போனவர். 1894இல் லீக் தன் விதியில் 'வெள்ளையர்' என்ற சொல்லைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க்கில் ஆண்டுக் கூட்டம். தானே தைத்த கால்சட்டை உடையில் கிட்டி நாக்ஸ் உறுப்பினர் அட்டையோடு அங்கே போய் நின்றார். அட்டையை ஏற்பதா வேண்டாமா என்று சர்ச்சை எழுந்து பத்திரிகைகளில் செய்தியானது. விதி வருவதற்கு முன்பே சேர்ந்தவர் அவர் என்று சிலர் அவர் பக்கம் நின்றார்கள், விதி நின்றுவிட்டது. 1900இல், 26 வயதில் அவர் இறந்தார். அந்த விதியை முறைப்படி நீக்க அமைப்புக்கு 1999 வரை ஆயிற்று. புது யுகப் பெண் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் சைக்கிளில் உட்காரவைத்து வரைந்த பெண் எப்போதும் வெள்ளைக்காரியாகவே இருந்தாள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தால், 1990களின் தொடக்கத்துப் புதுக்கோட்டை கண்ணுக்குப் புலப்படும் விதமே மாறுகிறது. 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. கற்றவர் மற்றவருக்குக் கற்றுத்தந்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், பால்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்கு வந்தார்கள். 1992 உலக மகளிர் தினத்தில் ஏறக்குறைய 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்ததைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர் தரும் இன்னொரு செய்தி: பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள், சிலர் அதையே விரும்பினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். ஐரோப்பாவில் பாவாடைக்காக வளைத்த அதே கம்பி இங்கே நேராக வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் கிளப்புகள் ஓய்வு நேரம் உள்ளவர்களிடமிருந்து தொடங்கின. புதுக்கோட்டை ஓய்வே இல்லாதவர்களிடமிருந்து தொடங்கியது. தண்ணீர்க் குடமும் சந்தைச் சரக்கும் சுமக்க சைக்கிள் என்றுதான் ஊர் ஒப்புக்கொண்டது. ஆனால் பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானபோது, அந்த நேரத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியும் கூடவே வந்தது. இரண்டாவது வேலைக்கா, வீட்டுக்கா, அவளுக்கா? ஆண்களின் கிண்டலுக்கு நடுவே ஓட்டப் பழகிய அந்தப் பெண்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது, வாசலில் நிறுத்திவைக்க விதியும் கிடையாது. கூட்டமாக வந்ததே அவர்களுக்குக் காப்பு.

இன்று நம் நகரங்களில் அதிகாலை சைக்கிள் குழுக்கள் நிறைய இருக்கின்றன. ஐந்து மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பெண்களுக்கும் இடமுண்டு என்று மனதாரச் சொல்கிறார்கள். எந்த விதியிலும் யாரையும் தடுக்கும் சொல் இல்லை. ஆனால் காலை ஐந்து மணி என்பது பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் ஒரு பங்கு கூடுதலாகச் சமைக்கும் நேரம். தெரு விளக்கில்லாத சாலையில் அவள் அந்தக் குழு கூடும் இடம்வரை தனியாகத்தான் வந்து சேர வேண்டும். 1894இல் ஒரு சொல் செய்த வேலையை இங்கே ஒரு கடிகாரம் செய்துவிடுகிறது.

பெண்கள் சேர்ந்து கிளப் தொடங்குவதாக இருந்தால், முதல் கூட்டத்தில் வண்டியின் விலையையும் கியரையும் பேசுவதற்கு முன் இரண்டு காரியங்களை முடிவு செய்துகொள்ளலாம். கிளம்பும் நேரத்தை, வர முடியாமல் இருக்கும் பெண்ணிடம் கேட்டு வைக்கலாம். வேகத்தை, கடைசியில் வருகிறவளின் வண்டியைப் பார்த்து வைக்கலாம். அது கேஸ் குழாயில் செய்ததாகக்கூட இருக்கலாம்.